இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம் தாலிச் சங்கிலி

அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள நவரத்தினவல்லி தங்க மாளிகைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று தங்க நிற எழுத்தில் தெரியும். தெய்வங்களில் சாந்த மூர்த்தியும் உண்டு, உக்கிர மூர்த்தியும் உண்டு. சாந்த மூர்த்திகளுக்குப் பில் போட்டு அனுப்பிவிடுவார்கள். உக்கிர மூர்த்திகளுக்குத்தான் படிவம்.

அதன் முழுப்பெயர் 'கடின வாடிக்கையாளர் படிவம்'. கடையில் சுருக்கமாக க.வா. என்பார்கள். பதினான்கு பக்கம். அதை உண்டாக்கியது வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை. அந்தத் துறையின் தலைவர் ஜெயராமன். அவர் வருவதற்கு முன்பு கடையில் அப்படி ஒரு துறை கிடையாது. அப்போது மகிழ்ச்சி இருந்ததா என்பதற்குப் பதிவேடு எதுவும் இல்லை.

தினமும் காலை ஒன்பதரைக்கு, கடை திறக்குமுன், ஜெயராமன் பேசுவார்.

"கஷ்டமான வாடிக்கையாளர்னு யாரும் பொறக்கறதில்லை. நாமதான் அவங்களைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கலைன்னா அப்புறம் என் துறை எதுக்கு? போன மாசம் முப்பது பேரைக் கண்டுபிடிச்சோம். இந்த மாசம் இலக்கு அறுபது."

எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டலும் அட்டவணையில் இருந்தது.

திறக்கப்பட்ட படிவம் அன்று மாலை ஆறு மணிக்குள், வாடிக்கையாளர் கையெழுத்துடன் மூடப்பட வேண்டும். மூடப்படாவிட்டால் அந்தக் கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. வேறு சில குற்றங்களுக்கும் சிவப்புப் புள்ளி உண்டு. மூன்று புள்ளி சேர்ந்தால் மறுநாளிலிருந்து அவர் வீட்டிலேயே மகிழ்ச்சியாக இருக்கலாம்.

மதிவதனியிடம் இரண்டு புள்ளி இருந்தது.

அவள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து ஆவடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி வருகிறவள். சங்கிலி கவுன்டர். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். இன்னும் ஒரு மாதம் போனால் நிரந்தரம். நிரந்தரம் என்றால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது நாற்காலி.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, நிர்வாகம் கவுன்டருக்கு ஒன்றாக நல்ல நாற்காலிகளை வாங்கிப் போட்டது. பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் அட்டை தொங்கியது: 'சட்டப்படி வைக்கப்பட்டுள்ளது. அமர வேண்டாம்.' நிரந்தர ஊழியர்கள் மட்டும் மதியம் ஒருமுறை, பத்து நிமிடம், அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு அமரலாம். மதிவதனிக்குச் சாயங்காலமானால் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துக்கொள்ளும். ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்காரத் தயங்கும் பழக்கம்கூட வந்துவிட்டிருந்தது.

முதல் புள்ளி அவளுக்கு வித்யா என்கிற கணக்கு டீச்சரால் வந்தது. "செஞ்ச நகையில பன்னெண்டு சதவீதம் சேதாரம்னு போட்டிருக்கீங்களே, சேதமான தங்கம் எங்கே? அதையும் ஒரு பொட்டலத்துல மடிச்சுக் குடுங்க. நான்தானே காசு குடுக்கறேன்?" என்று டீச்சர் கேட்டார். மதிவதனி யோசித்துப் பார்த்து, "எங்க போகுதுன்னு எனக்கும் தெரியலைங்க மேடம்," என்றாள். உண்மை பேசியதற்கு ஒரு புள்ளி.

இரண்டாவது, கர்ப்பிணி ஒருத்தி, "நீயும் உக்காருடி, அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது," என்றபோது, தெய்வம் சொல்கிறதே என்று நாலு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் உறையில் சுருக்கம் விழுந்திருந்ததை மகிழ்ச்சித் துறை கண்டுபிடித்துவிட்டது.

இந்த நிலையில்தான், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லம்மா வந்தாள்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிக்காரர்களுக்கு டிபன் கடை போட்டிருப்பவள். காலை வியாபாரம் முடிந்த கையோடு, புடவையில் வடகறி வாசனையுடன் வந்திருந்தாள். கூடவே அவள் புருஷன் கஜபதி. வாசலில் காவலாளி யூசுப் நீட்டிய பதிவேட்டில், தினமும் பலகையில் இட்லி, பொங்கல், வடகறி என்று எழுதிப் பழகிய கையால், ஒரே இழுப்பில் பெயரை எழுதிவிட்டு உள்ளே வந்தாள்.

"கண்ணு, இத்தப் பாரு." கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு வளையம் முடியளவு தேய்ந்திருந்தது. ஊக்கு மாட்டி நிறுத்தியிருந்தாள். "உங்க கடைல வாங்கினதுதான். நேத்து சாம்பார் ஊத்தச் சொல்ல அப்டியே நழுவுச்சு. கொஞ்சம் உட்டா குண்டான்ல வியுந்திருக்கும். பத்த வச்சுக் குடுத்துரு."

"பத்து நிமிஷ வேலைக்கா. மாடியில ஆசாரி இருக்காரு. கழட்டிக் குடுங்க, எடை போட்டு அனுப்பிடறேன்."

"கய்ட்டறதா?" எல்லம்மாவின் குரல் வளையல் கவுன்டர் வரை போயிற்று. "இந்தாளு குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கிறாரு, உனுக்குக் கண்ணு தெர்ல? வெறுங்கழுத்தோட நிக்கச் சொல்றியா, வெள்ளிக்கெயம அதுவுமா?"

"நான்தான் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றேனே. கய்ட்டேன்மே," என்றார் கஜபதி.

"நீ கம்முனு இரு. போற உசுரு உன்னுது. அதுல நீ இன்னா கர்த்து சொல்றது?"

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. தாலிச் சங்கிலியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் பெண்கள் முதலில் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். பிறகுதான் சங்கிலியைக் கழற்றுவார்கள். எல்லா நகைக் கடையிலும் இதற்காகவே ஒரு தட்டு இருக்கும். இந்தக் கடையிலும் இருந்தது. "போன தபா தட்டுல வச்சுக் குடுத்தாங்கோ. அது எங்க?" என்றாள் எல்லம்மா.

அந்தத் தட்டை மகிழ்ச்சித் துறை எடுத்துவிட்டிருந்தது. மஞ்சள் கயிற்றுக்கு பார்கோடு இல்லை. பார்கோடு இல்லாத பொருள் கடையில் இருக்கக் கூடாது. இதை மதிவதனி தாழ்ந்த குரலில் விளக்கினாள்.

"அதுக்கு இன்னா? எதுத்தாப்புல பூச சாமான் கடை கீது. நான் ஓடிப்போய் வாங்கியாரேன்," என்று கஜபதி திரும்பினார். அவர் வாசலை அடைவதற்குள் பின்னாலிருந்து ஒரு மணி அடித்தது. யாராவது குரல் உயர்த்தினால் மேல்தளத்தில் ஜெயராமன் மேஜையில் விளக்கெரியும். அவர் படிவத்தைத் திறந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோ அண்ணாத்தே," என்று யூசுப் கதவில் சாய்ந்து நின்றார். "படிவம் தொறந்துட்டா, மூடற வரைக்கும் க.வா. வெளிய போகக் கூடாது. நீ 'உடன் வந்தவர்'. மூணாம் பக்கத்துல உன் பேரும் கீது."

ஜெயராமன் படியிறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் பாதாம் பால் வந்தது. படிவத்தின் முதல் கட்டத்துக்கு 'மென்மையாக்கல்' என்று பெயர். வாடிக்கையாளருக்குப் பால் தர வேண்டும், தலையைப் பதினைந்து பாகை சாய்த்துக் கேட்க வேண்டும், அவர் கடைசியாகச் சொன்ன சொற்களைக் கனிவோடு திருப்பிச் சொல்ல வேண்டும்.

எல்லம்மா மூன்று டம்ளர் குடித்தாள். பிறகு, "சார், ஒரு மஞ்சக் கயிறுக்கா இம்மாம் பெரிய கடைல பஞ்சம்?" என்றாள்.

"இம்மாம் பெரிய கடைல பஞ்சம்," என்றார் ஜெயராமன் தலையைச் சாய்த்து.

"இன்னாய்யா, நான் சொன்னத்தையே சொல்லிகினு கீறே?"

"சொன்னதையே சொல்லிகினு கீறேன்."

எல்லம்மா கணவன் பக்கம் திரும்பினாள். "பாவம்யா, நல்லாத்தான் படிச்சிருப்பாரு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கோ."

மென்மையாக்கல் தோல்வி என்று ஜெயராமன் குறித்துக்கொண்டார். அடுத்த பக்கத்தில் நகையின் எடையை எழுத வேண்டும். பத்து நிமிடத்துக்குள் எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பிவிடும். ஆனால் விதி எண் ஒன்பது தெளிவாக இருந்தது: 'உடலிலிருந்து பிரிக்கப்பட்ட நகை தராசில் வைக்கப்பட வேண்டும். பிரிக்க இயலாதவிடத்து மேலாளர் தம் அறிவைப் பயன்படுத்தலாம்.'

இப்படி ஒரு ஆபத்தான வாக்கியத்தை யார் எழுதினார்களோ தெரியவில்லை. ஜெயராமன் பயன்படுத்தினார்.

கடை முகப்பில் துலாபாரம் போல ஜோடித்த ஒரு தராசு இருந்தது. அட்சய திருதியை அன்று வருகிறவர்களின் எடைக்கு எடை சர்க்கரை தரப்படும் என்று அறிவித்துவிட்டு, கூட்டம் வந்ததும் எடைக்கு எடை வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்பிய தராசு. பார்க்கக் கோயில் தராசு. உள்ளே கிராம் காட்டும் மின்தராசு.

"மேடம், நீங்க இதுல ஏறுங்க. சங்கிலியோட உங்க எடையைப் பாப்போம். அதுல சங்கிலி இல்லாத எடையைக் கழிச்சா, சங்கிலி எடை வந்துடும்."

"சங்கிலி இல்லாத எடைக்கு நான் எங்க போவேன்?"

கஜபதி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பாடியில் போன மாதம் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு. எல்லம்மா, வயது ஐம்பத்தொன்று, எடை அறுபத்தொரு கிலோ.

"யோவ், அப்பவும் சங்கிலிய போட்டுகினுதானய்யா இருந்தேன்!"

"அது வேற தராசு மேடம்," என்றார் ஜெயராமன். அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

எல்லம்மா ஏறினாள். துலாபாரத் தட்டில் நிற்கிறோம் என்பதால் பழக்கத்தில் கையும் கூப்பிக்கொண்டாள். அறுபத்து மூன்று கிலோ முந்நூற்றைம்பது கிராம்.

"சார், இப்பக் குடிச்ச மூணு டம்ளர் பாதாம் பால்..." என்று ஆரம்பித்த மதிவதனியை ஜெயராமன் கை உயர்த்தி நிறுத்தினார். கழித்தார். மறுபடி சரிபார்த்தார். கணக்கில் பிழை இல்லை. தாலிச் சங்கிலி, இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

கம்ப்யூட்டர் ஒரு கணம் மூச்சு விட்டது. பிறகு சிவப்பாக இருந்த படிவம் பொன்னிறமாயிற்று. கடையெங்கும் ஒலிபெருக்கிகளில் நாகஸ்வரம் முழங்கியது. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றே முக்கால் சவரன் சங்கிலி அணிந்த ஒரு பெண்மணி கடைக்குள் இருக்கிறார் என்ற செய்தி தலைமை அலுவலகத்துக்குப் போனது. எங்கிருந்தோ சிவப்புக் கம்பளம் உருண்டு வந்து எல்லம்மாவின் ரப்பர் செருப்பில் முட்டி நின்றது. சுவரிலிருந்த பெரிய டிவியில் விளம்பரம் நின்று, கடை முதலாளியின் முகம் தோன்றியது. அவர் ஏதோ மலைப்பிரதேசத்தில் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"வணக்கம் அம்மா! உங்களுக்கு எங்க ஆளுங்க ஏதாவது குறை வச்சுட்டாங்களாமே? எங்க கொள்கையை நான் சொல்லிடறேன். இருபது சவரனுக்குக் கீழ வர்றவங்க கோபப்பட்டா, அது அவங்க குணம். இருநூறுக்கு மேல வர்றவங்க கோபப்பட்டா, அது எங்க குறை! நாங்க நகையைப் பாக்கறதே இல்லைம்மா. மனுசங்களைத்தான் பாக்கறோம். அதனாலதான் மனுசங்களையே நிறுத்துப் பாக்கறோம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்? துபாய் டூர்? வைரத்துல ஒரு சின்னப் பதக்கம்?"

எல்லம்மா டிவியை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு மஞ்சக் கயிறு," என்றாள்.

முதலாளி சிரித்தார். பிறகு பக்கத்தில் யாரிடமோ கேட்டார். பிறகு முகம் மாறியது.

"அதுக்கு பார்கோடு இல்லையேம்மா. இருந்தாலும் உங்களுக்காக விசேஷமா ஏற்பாடு பண்றேன். கொள்முதல்ல மூணு கடையில விலைப்புள்ளி வாங்கி, ஏழு வேலை நாளுக்குள்ள... இன்னிக்கு வெள்ளி, நாளைக்கும் மறுநாளும் லீவு... ஜெயராமன், நீங்க பாத்துக்கங்க." டிவியில் மறுபடி விளம்பரம் வந்தது.

மணி ஒன்றாகியிருந்தது. எல்லம்மா கம்பளத்தின் ஓரத்தில் நின்று, ஊக்கு மாட்டிய இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். துலாபாரத்தில் கும்பிட்ட நேரம் போக, இரண்டு மணி நேரமாக அந்தக் கை அங்கேதான் இருந்தது என்பதை மதிவதனி மட்டும் கவனித்தாள். சத்தம் போட்ட பெண்ணுக்குள்ளே பயந்த பெண் ஒருத்தி இருந்தாள். பதினான்கு பக்கத்தில் அவளை எழுத ஓர் இடமில்லை.

மதிவதனி தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள். காலையில் உள்ளே வரும்போது ஊழியர்களின் பைகளை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அட்டையை மட்டும் முன்பக்கம் பார்த்து அனுப்புவார்கள். பின்பக்கம், தன் புகைப்படத்துக்குப் பின்னால், அவள் ஒரு மஞ்சள் கயிற்றை மடித்து வைத்திருந்தாள். ஒரு விரலி மஞ்சள் துண்டுடன். திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயிலில் அவள் கல்யாணத்துக்காக அம்மா வேண்டிக்கொண்டு வாங்கி வந்தது. கூடி வரும் வரைக்கும் உடம்பை விட்டு இறக்காதே என்று சொல்லியிருந்தாள்.

வேண்டுதல் கயிற்றைக் கொடுத்தால் அம்மன் கோபிப்பாளா என்று மதிவதனி ஒரு நிமிடம் யோசித்தாள். கேட்டு நிற்கிறவளுக்குக் கொடுக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தால்தான் கோபிப்பாள் என்று தோன்றியது.

"இந்தாங்கக்கா. புதுசுதான்."

எல்லம்மா கயிற்றையும் அது வந்த இடத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "இது உனுக்கு வச்சதாச்சே கண்ணு."

"அம்மன்கிட்ட இன்னொண்ணு இருக்கும்க்கா."

எல்லம்மா கை நீட்டி வாங்கினாள். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக் கணவனிடம் கொடுத்தாள். சிவப்புக் கம்பளத்தின்மேல், நாகஸ்வரம் இன்னும் நிற்காமல் முழங்கிக்கொண்டிருக்க, கஜபதி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கட்டினார். யாரும் சொல்லாமலே வளையல் கவுன்டர் பெண்கள் கைகூப்பினார்கள்.

"மொதோ தபா கட்டச் சொல்லகூட இப்டி வேர்க்கல," என்றார் கஜபதி.

"அப்ப நான் யாருன்னு உனுக்குத் தெரியாது," என்றாள் எல்லம்மா.

ஜெயராமன் படிவத்தில் எழுதினார்: 'உடன் வந்தவரால் அனுமதியின்றி முடிச்சுகள் போடப்பட்டன. எண்ணிக்கை: மூன்று.'

சங்கிலி கழன்றது. கவுன்டர் தராசில் வைத்தார்கள். இருபத்து மூன்று கிராம் எழுநூற்று அறுபது மில்லி.

நாகஸ்வரம் நின்றது. இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம் என்று பதிவான தங்கத்தில், இரண்டு கிலோ முந்நூற்று இருபத்தாறு கிராமைக் காணவில்லை. திரையில் ஒரு கேள்வி துடித்தது: 'மீதி எங்கே?'

ஜெயராமனுக்கு முதல் முறையாக வியர்த்தது. அந்தத் துறையில் வியர்வைக்குப் படிவம் இல்லை. எடை தவறு என்று எழுதினால் துலாபாரத்தைச் சொல்ல வேண்டும். துலாபாரத்தைச் சொன்னால் அறிவைச் சொல்ல வேண்டும். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு விரலால் தட்டினார்: 'சேதாரம்.'

கம்ப்யூட்டர் உடனே பதில் சொன்னது: 'சேதாரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி.' எவ்வளவு, ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அது கேள்வி கேட்காதபடியே பழக்கப்பட்டிருந்தது. வித்யா டீச்சருக்குச் சொல்ல வேண்டிய பதில், ஆறு மாதம் தாமதமாக, மதிவதனிக்குக் கிடைத்தது.

மாடியிலிருந்து ஆசாரி பத்து நிமிடத்தில் சங்கிலியைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் படிவம் பொன்னிறமாக மாறியிருந்ததால் மூன்று மேலாளர்கள் அதில் முத்திரை வைக்க வேண்டியிருந்தது. மதிவதனியின் கவுன்டருக்கு அது திரும்பி வந்தபோது மணி ஐந்து நாற்பது.

"கடைசிப் பக்கம் மேடம்," என்றார் ஜெயராமன். "திருப்தின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. ஆறு மணிக்குள்ள மூடலைன்னா இந்தப் பொண்ணுக்கு மூணாவது புள்ளி. கயிறு விஷயத்துக்கு நானே போடணும், போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். முடிச்சு போட்டது உடன் வந்தவர்தானே."

"மூணாவது புள்ளின்னா?"

"வேலை போயிடும்," என்றார் கனிவாக, பதினைந்து பாகை சாய்ந்து.

எல்லம்மா பேனாவை வாங்கினாள். மதிவதனியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கவுன்டருக்கு அந்தப் பக்கம் எட்டி, அவள் காலைப் பார்த்தாள். டிபன் கடையில் இருபது வருடம் நின்றவளுக்கு அந்த நரம்பைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கடைசியா ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"தீராத கோரிக்கையோட படிவத்தை மூட முடியாது மேடம். சொல்லுங்க."

"இந்தப் பொண்ணு குந்தட்டும். நின்னுகினு இருந்தா எனுக்குக் கை வராது."

ஜெயராமன் நாற்காலியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி வைத்தார். "கையெழுத்து போடற வரைக்கும் மட்டும்," என்றார்.

மதிவதனி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை முனகியது. உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று இறங்கித் தரை வழியாகப் போவது போலிருந்தது.

எல்லம்மா தலை குனிந்து 'எ' எழுத ஆரம்பித்தாள். காலையில் பதிவேட்டில் ஒரே இழுப்பில் பெயரெழுதிய கை, இப்போது ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது. பேனாவை உதறினாள். ஊதினாள். சுழியை முடிக்கும் முன் கண்ணாடி எங்கே என்று மடியில் தேடினாள். கண்ணாடி அவளிடம் எப்போதும் இருந்ததில்லை.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம்..."

"அவசரப்படாத சார். நமக்கெல்லாம் எய்த்து மெதுவாத்தான் வரும்."

வாசலில் யூசுப் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தாறுக்கு 'எல்லம்மா' என்று முழுதாக வந்துவிட்டது. ஜெயராமன் காகிதத்தை இழுக்கக் கை நீட்டினார். மதிவதனி எழப்போனாள்.

"இரு, இரு," என்றாள் எல்லம்மா காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு. "நீ குந்து கண்ணு. இன்னும் புள்ளி வைக்கல." பிறகு கணவனைப் பார்த்துக் கேட்டாள்: "யோவ், என் பேருக்கு எத்தினி புள்ளி, ஒண்ணா, ரெண்டா?"

முப்பது வருடம் அவளோடு வாழ்ந்தவர் கஜபதி. கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரெண்டுன்னுதான் ஞாபகம்," என்றார் நிதானமாக. "எதுக்கும் மூணு நிமிசம் யோசிச்சுச் சொல்றேன்."